நடுக்கோட்டில் வராத மழை

முன்னறிவிப்பு மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஒரு கைப்புத்தகம் கொடுத்திருப்பார்கள். கனமழை எங்கே முடிந்து மிகக் கனமழை எங்கே தொடங்குகிறது என்று அதில் இருக்கும். எச்சரிக்கையை எந்த வரிசையில் யாருக்குத் தொலைநகலில் அனுப்ப வேண்டும் என்று இருக்கும். தொலைநகல் கருவி கெட்டுப்போனால் யாருக்குத் தொலைநகல் அனுப்பிப் புகார் செய்ய வேண்டும் என்றுகூட இருக்கும். அதை முழுவதும் மனப்பாடமாக வைத்திருந்த கடைசி ஆள் அநேகமாக நான்தான். ஆகவே பொறுப்போடு சொல்கிறேன்: "இப்போது எங்களுக்குத் தெரியாது" என்பதை எந்தப் படிவத்தில் நிரப்புவது என்று அதில் எங்கும் இல்லை.

அதைச் சொல்ல வேண்டிய நாள் உங்களுக்கும் வரும். எனக்கு வந்தது 2009இல், ஐப்பசியில்.

கடலூர் அலுவலகத்துக்கு நான் 2004இல் மாற்றலாகி வந்தேன். 2012இல் அங்கேயே ஓய்வு பெற்றேன். வேலை எளிது. பலூன் விடுவோம், அளப்போம், மேலிடத்துக்கு அனுப்புவோம். மேலிடத்திலிருந்து முன்னறிவிப்பு வரும். மாவட்டத்தின் பெயரைச் சரிபார்த்துக் கீழே அனுப்புவோம். மழை வந்தால் பாராட்டு மேலே போகும், வராவிட்டால் வசவு எங்களுக்கு வரும். இந்தப் போக்குவரத்தில் ஒருநாளும் தடை ஏற்பட்டதில்லை.

சிதம்பரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஸ்டெல்லா என்ற இளம் ஆய்வாளர் இருந்தார். கொந்தளிக்கும் காற்றோட்டத்தில் பிழை எப்படி வளர்கிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. வானிலையைக் கணிப்பதல்ல அவர் வேலை, வானிலையைக் கணிப்பவர்கள் எவ்வளவு தவறப்போகிறார்கள் என்பதைக் கணிப்பது. இப்படியும் ஒரு தொழில் உண்டு என்று கேள்விப்பட்டபோது எனக்குத் தணிக்கைக்காரர்களின் ஞாபகம்தான் வந்தது. ஒரு வேலையாகச் சிதம்பரம் போனவள், அந்தத் தணிக்கைக்காரியையும் பார்த்துவிட்டு வரலாமே என்று உள்ளே நுழைந்தேன்.

அவர் ஒரே வானிலையைக் கணினியில் இரண்டு முறை ஓட்டியிருந்தார். இரண்டுக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். வங்கக் கடலின் மேல் ஒரு புள்ளியில், வெப்பநிலையை ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட்டியிருந்தார். எங்களிடம் இருந்த எந்த வெப்பமானியாலும் கண்டுபிடிக்க முடியாத வித்தியாசம் அது. பிறகு இரண்டு ஓட்டங்களுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் சிவப்பில் வரைந்து, நாள்வாரியாக ஓடவிட்டார்.

"பாத்துக்கிட்டே இருங்க மேடம். கண்ண எடுத்துடாதீங்க."

வெள்ளைத் திரையில் முதலில் எதுவும் இல்லை. பிறகு அந்தமான் பக்கம் எறும்பு கடித்தாற்போல் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள்.

"எங்க இடிமேகம் நிக்குதோ அங்கதான் மொதல்ல பொரியும்" என்றார்.

புள்ளிகள் தடித்தன. ஒன்றோடொன்று ஒட்டின. திட்டுகளாயின. திட்டுகள் சுழன்று நீண்டு ஒன்றையொன்று விழுங்கின. சில நாள் வானிலை திரையில் சில நிமிடங்களில் ஓடி முடிந்தபோது வங்கக் கடல் முழுவதும் சிவந்து கிடந்தது. ஓர் ஓட்டத்தில் ஒரு புயல் ஆந்திரத்தில் கரையேறியிருந்தது. இன்னொன்றில் அப்படியொரு புயலே இல்லை.

நான் முப்பது வருடம் வானத்தைப் பார்த்துச் சம்பளம் வாங்கியவள். அது இவ்வளவு பெரியது என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

நமக்கெல்லாம் பாடத்தில் சொல்லிக்கொடுத்தது இது: பெரிய சுழல் உடைந்து சிறிய சுழலாகும், சிறியது இன்னும் சிறியதாகும், ஆற்றல் மேலிருந்து கீழே இறங்கிக் கடைசியில் வெறும் வெப்பமாகக் கரைந்துபோகும். ஸ்டெல்லா காட்டியது அதற்கு எதிர்த்திசையில் ஏறிவரும் ஒன்றை. ஆற்றல் இறங்குகிற அதே படிகளில் பிழை ஏறுகிறது. மிகச் சிறிய சுழலில் அது கண்ணிமைக்கும் நேரத்தில் இரட்டிக்கிறது, இடிமேகத்தில் மணிக்கணக்கில், புயலளவு சுழலில் நாள்கணக்கில். கீழே எவ்வளவு சிறியதோ அவ்வளவு அவசரம். ஆகவே கருவியைப் பத்து மடங்கு கூர்மையாக்கினால் பத்து மடங்கு நாள் முன்னால் பார்க்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். கொஞ்ச நேரம் கூடும், அவ்வளவுதான். அதற்கு மேல் எட்டிப் பார்க்காதபடி காற்றே ஒரு மதில் கட்டி வைத்திருக்கிறது. அதன் இந்தப் பக்கம் நின்றுகொண்டுதான் நாம் அறிக்கை எழுதுகிறோம்.

"அப்போ நாங்க எல்லாரும் வீட்டுக்குப் போயிடலாமா?" என்று கேட்டேன்.

"அது உங்க இஷ்டம் மேடம்" என்று சிரித்தார். "ஆனா ஒண்ணு. எல்லா நாளும் பிழ ஒரே வேகத்துல வளராது. சில நாள் காட்டுக்குதிர மாதிரி ஓடும், சில நாள் கட்டிப்போட்ட மாதிரி நிக்கும். எந்த நாள் ஓடும், எந்த நாள் நிக்கும்ங்கறத கணிக்கலாம். நான் அததான் பண்றேன்."

இனி ஐப்பசிக்கு வருகிறேன்.

கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவாகி நம் கரையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. மேலிடத்திலிருந்து காலையில் அறிக்கை வந்தது: கடலூர் அருகே கரையைக் கடக்கும், மாவட்டத்தில் மிதமான மழை பெய்யும். கடலூரை நோக்கி ஒரு தடித்த கோடும் வரைந்திருந்தது.

அதை அனுப்பிய கொஞ்ச நேரத்தில் ஞானசேகரன் கூப்பிட்டார். சிதம்பரத்துக்கு மேற்கே இருந்த ஒரு பெரிய ஏரிக்குப் பொறுப்பான பொறியாளர். கம்மாபுரத்துக்காரர். இரண்டே கேள்வியில் விஷயத்துக்கு வந்துவிடுவார். அன்று ஒரே கேள்வியில் வந்தார்.

"மேடம், தெறக்கவா வேணாமா?"

அவருடைய நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். ஏரி ஏறக்குறைய நிறைந்திருந்தது. பெருமழை பெய்தால் கரை தாங்காது. உடைந்தால் கீழே இருக்கும் கிராமங்கள் போய்விடும். முன்கூட்டியே மதகைத் திறந்தால் கரை பிழைக்கும். ஆனால் திறந்துவிடும் தண்ணீர் அப்போதுதான் நட்டிருந்த சம்பா வயல்களின் மேல் ஏறும், கோடைக்கு வைத்த தண்ணீரும் கடலுக்குப் போகும். முந்தைய வருடம் இதேபோல் 'மிதமான மழை' என்று ஓர் அறிக்கை வந்தது. அவரும் மிதமாகப் பாதி மதகைத் திறந்தார். ஒரு சொட்டு மழை இல்லை. மூன்று ஊர்க்காரர்கள் அவருடைய ஜீப்பை வளைத்துக்கொண்டு மதியம் முழுவதும் இறங்கவிடவில்லை. துறையில் விசாரணை இன்னும் முடியவில்லை.

"சாயங்காலம் நாலு மணிக்குள்ள சொல்லிடுங்க. அதுக்கு மேல தெறந்தா தண்ணி வடியறதுக்கு நேரம் பத்தாது. இந்த தடவயும் தப்பா தெறந்தன்னா வேலை போயிடும் மேடம். தெறக்காம வுட்டு ஒடஞ்சிதுன்னா…"

மேலிடத்துக் கோட்டை மறுபடி பார்த்தேன். ஒரே ஒரு கோடு. எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன்.

"படமா அனுப்புனா உங்க ஆபீஸ் கம்ப்யூட்டர் தெறக்கறதுக்குள்ள புயலே வந்துடும். நேர்ல வாங்க மேடம், இது நேர்ல பாக்க வேண்டியது" என்றார். ஞானசேகரனையும் அங்கே வரச் சொல்லிவிட்டுச் சிதம்பரம் பஸ் ஏறினேன்.

ஸ்டெல்லாவின் அறையில் விசிறி சத்தம் மட்டும் போட்டுக்கொண்டிருந்தது. திரையில் இருபது கோடுகள். தொடக்கத்தைச் சிறிது சிறிதாக மாற்றி இருபது முறை ஓட்டினால் தாழ்வு மண்டலம் போகக்கூடிய இருபது பாதைகள் கிடைக்கும். அந்தப் படத்துக்கு அந்த அறையில் 'இடியாப்பம்' என்று பெயர்.

ஞானசேகரன் குனிந்து பார்த்தார். "இதுல கடலூரு எங்க மேடம்?"

ஸ்டெல்லா விரல் வைத்துக் காட்டினார். விரலுக்குக் கீழே ஒரு கோடும் இல்லை.

கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். கோடுகளில் ஏறக்குறைய பாதி கடல் நடுவிலேயே பிரிந்து, வடக்கே சென்னையைத் தாண்டிப் போயின. மீதி தெற்கே வேதாரண்யத்தை நோக்கி இறங்கின. நடுவில் கடலூர் இருந்த இடம் காலி. வடக்கையும் தெற்கையும் கூட்டி இரண்டால் வகுத்தால் கடலூர் வரும். மேலிடத்தில் அதைத்தான் செய்திருந்தார்கள். இருபது பாதைகளில் ஒன்றுகூடப் போகாத இடத்துக்கு ஒரு தடித்த கோடு.

மழையின் கணக்கும் அப்படித்தான். தெற்கே கரையேறினால் நாம் அது நகரும் திசைக்கு வலப்பக்கம் இருப்போம், கடல்காற்று மொத்தமும் நம் தலைமேல், பெருமழை. வடக்கே ஏறினால் நமக்குக் கிடைப்பது தரைக்காற்று, துணி காயப்போடலாம். இரண்டையும் சராசரி எடுத்தால் வருவது மிதமான மழை. அந்த மாவட்டத்தில் அன்று நடக்கவே முடியாத ஒன்று எதுவென்றால் அதுதான். அதைத்தான் நான் காலையில் முறைப்படி முத்திரையிட்டு அனுப்பியிருந்தேன். இது படிக்காதவர்கள் செய்யும் தவறல்ல. வகுத்தல் தெரிந்தவர்களால் மட்டுமே செய்ய முடிகிற தவறு.

"அப்ப இந்த ரெண்டுல எது மேடம்?" என்று ஞானசேகரன் கேட்டார்.

நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன்.

"தெரியாது சார்" என்றார் ஸ்டெல்லா. "இப்ப யாருக்கும் தெரியாது."

"நல்லா இருக்குதும்மா. ஜோசியக்காரன்கூட கைக்காச வாங்கிட்டு ஏதாவது ஒண்ணு சொல்லுவான்."

"எங்க போவும்னு தெரியாது சார். எப்ப தெரியும்னு தெரியும்."

இன்னொரு படத்தைத் திறந்தார். அது மழையின் படமோ காற்றின் படமோ அல்ல, அடுத்த சில மணி நேரத்தில் பிழை எங்கெங்கே வளரும் என்பதன் படம். தாழ்வு மண்டலத்துக்குக் கிழக்கே ஓர் இடிமேகக் கூட்டம் சிவந்து கொதித்துக்கொண்டிருந்தது. மற்ற இடமெல்லாம் அமைதி.

"கோடு ரெண்டா பிரியறது இந்த கூட்டத்தாலதான். இது உள்ள என்ன நடக்குதுங்கறது எந்த பலூனுக்கும் தெரியாது. ஆனா இது மதியத்துக்குள்ள அடங்கிடும். அடங்கிடுச்சுன்னா பிழைக்கு வளர எடம் கெடையாது. காலையில வுட்ட பலூன் கணக்கெல்லாம் சேத்து அடுத்த ஓட்டம் மூணு மணிக்கு முடியும். அப்ப எல்லா கோடும் ஒரே பக்கம் வந்துடும்."

"எந்த பக்கம்?"

"அது மூணு மணிக்கு."

"வரலன்னா?"

ஸ்டெல்லா என்னைப் பார்த்தார். ஞானசேகரனும் என்னைப் பார்த்தார். அந்த அறையில் அரசாங்கத்தின் சார்பாகக் கையெழுத்துப் போடக்கூடியவள் நான் ஒருத்திதான்.

இங்கேதான் உங்களிடம் எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. அந்த நேரத்தில் கை தன்னால் நடுக்கோட்டுக்குத்தான் போகும். பாதி திறங்கள் என்று சொல்லியிருக்கலாம். நியாயமாகவும் தோன்றியிருக்கும், விசாரணையில் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனால் தெற்கே வந்தால் பாதி மதகு கரையைக் காப்பாற்றாது, வடக்கே போனால் பாதித் தண்ணீரும் பயிரைக் கெடுக்கும். இரண்டு வானிலையில் எது வந்தாலும் தவறாகப் போகக்கூடிய ஒரே முடிவு அதுதான். முழுதாகத் திறக்க வேண்டும் அல்லது தொடவே கூடாது. எது என்று மூன்று மணி வரை வாயைத் திறக்கக் கூடாது.

மேலிடத்து அறிக்கையை என்னைப் போன்ற மாவட்ட வானிலை அதிகாரி திருத்த முடியாது. அது எனக்கு நன்றாகவே தெரியும். நீர்நிலைப் பொறுப்பாளர் நேரில் கேட்டால் அறிக்கையின் நம்பகத்தன்மை பற்றிக் குறிப்பு எழுதிக் கொடுக்கலாம் என்பதும் தெரியும். அந்த விதியை அதற்கு முன் யாரும் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை. ஸ்டெல்லாவிடம் ஒரு வெள்ளைத்தாள் வாங்கி எழுதினேன்: மிதமான மழைக்கு வாய்ப்பில்லை. பெருமழை அல்லது மழையின்மை. எது என்பது பிற்பகல் மூன்று மணிக்கு முன் தெரியாது. அதுவரை மதகைப் பற்றி முடிவெடுக்க வேண்டாம்.

ஞானசேகரன் அதை இரண்டு முறை படித்தார். "இத மேல காட்டுனா என்னய பைத்தியம்னுவாங்க."

"கையெழுத்து என்னோடதுதானே. என்னத்தான் சொல்லுவாங்க."

அதற்குப் பிறகு அந்த மனிதர் செய்ததைச் சொல்ல வேண்டும். முடிவெடுக்க வேண்டாம் என்றுதான் நான் சொன்னேன், சும்மா இருக்கச் சொல்லவில்லை. அதை அவர் உடனே புரிந்துகொண்டார். அங்கேயே உட்கார்ந்து செல்போனில் ஆட்களை அனுப்ப ஆரம்பித்தார். ஆட்டோவில் மைக் கட்டிக் கீழ்ப்பக்கத்து ஊர்களில் மாட்டை மேட்டுக்கு ஓட்டச் சொன்னார். வயலில் இருக்கும் மோட்டாரைக் கழற்றச் சொன்னார். மதகைத் திறந்து மூடும் லஸ்கர்கள் எல்லோரையும் கரைக்கு வரவழைத்தார். எந்தப் பக்கம் விழுந்தாலும் அடுத்த நிமிடம் வேலை தொடங்க வேண்டும்.

ஸ்டெல்லா எலுமிச்சைச் சோறு வாங்கிவரச் செய்தார். ஞானசேகரன் பொட்டலத்தைப் பிரித்து வைத்துவிட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே நல்ல வெயில்.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்பு கோடுகள் ஒவ்வொன்றாகத் திரையில் விழத் தொடங்கின. முதல் கோடு தெற்கே போனது. இரண்டாவது அதன் மேலேயே. மூன்றாவது, நான்காவது. காலையில் இரண்டு தலையாகக் கிளைத்திருந்த அந்தப் படம் ஒரே தலையோடு, ஒரே வாலோடு வேதாரண்யம் பக்கம் முறுக்கிக் கிடந்தது. ஒரு கோடுகூட விலகவில்லை.

"இடியாப்பம் இல்ல மேடம். கயிறு" என்றார் ஸ்டெல்லா. அவர் கணித்தது வானிலையை அல்ல. நமக்கு எப்போது தெரியவரும் என்பதை. கடலுக்கு மேலே அவ்வளவு பெரிய சுழல் அவர் சொன்ன நேரத்துக்குத் தன் குழப்பத்தை நிறுத்திக்கொண்டது.

"தெற்கு" என்றேன். "முழுசா தெறங்க."

ஞானசேகரன் எழுந்தார். நானும் கூடவே ஜீப்பில் ஏறினேன். கைப்புத்தகத்தில் இது இல்லை. ஆனால் உங்கள் வார்த்தையை நம்பி ஒருவர் கையை நீட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். தொலைபேசியில் தைரியம் சொல்வது எல்லோருக்கும் வரும்.

கரைக்குப் போனபோது ஏரி முழுவதும் வெயில் பட்டு மின்னியது. கடல் பக்கத்து மேகம்கூடக் கண்ணுக்கு எட்டவில்லை. மதகுகள் ஒவ்வொன்றாக ஏற, தண்ணீர் சீறிக்கொண்டு வெளியே பாய்ந்தது. கொஞ்ச நேரத்தில் கீழ்ப்பக்கத்து ஆட்கள் கரையேறி வந்துவிட்டார்கள். முன்னால் வந்தவர் வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரிய ஆள்.

"யோவ் எஞ்சினியரே, வானத்த நிமுந்து பாருய்யா! வெயிலு பல்ல இளிச்சிக்கிட்டு நிக்குது, நீ என்னமோ தெறந்து வுடுற. போன வருசம் அழிச்சது பத்தலியா?"

"மழ வருதுங்க."

"எங்க வருது? உங்க ஊட்டுலயா?" லஸ்கர்களில் ஒருவர் அவருக்கு மச்சான் முறை போலிருக்கிறது. "டேய் மச்சான், எறக்குடா அத! நட்ட நாத்து இன்னும் வேரு புடிக்கலடா!"

லஸ்கர் ஞானசேகரனைப் பார்த்தார். ஞானசேகரன் என்னைப் பார்க்கவில்லை. பார்ப்பார் என்று நினைத்திருந்தேன். ஏரியைப் பார்த்தபடியே, "ஏத்துனது ஏத்துனதா இருக்கட்டும். மாமா, நீங்க மாட்ட ஓட்டிட்டீங்களா இல்லையா, மொதல்ல அத சொல்லுங்க" என்றார்.

"யாருய்யா உனக்கு மாமா?" என்று அவர் கத்தினார். ஆனால் மாட்டை ஓட்டியிருந்தார்.

கரை தாங்கியது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தக் கவலையோடு மீதியைப் படிக்க வேண்டாம். மறுநாள் தண்ணீர் கரையின் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது. தாழ்ந்த வயல்கள் சில மூழ்கின. அதற்கு நான் சமாதானம் சொல்லவில்லை, இப்போதும் சொல்வதற்கில்லை. ஊர் எதுவும் போகவில்லை.

வெயில் சாயும் நேரத்துக்குக் காற்று நின்றது. பிறகு கிழக்கிலிருந்து ஒரு குளிர்ந்த மூச்சு. ஏரியின் மினுமினுப்பு ஓர் ஓரத்திலிருந்து அணைந்துகொண்டே வந்தது. நான் மேகத்தைத் தேடி மேலே பார்த்தேன். மேலே பார்க்க வேண்டியிருக்கவில்லை. அடிவானத்திலிருந்து உச்சி வரை கருநீலமாக ஒரே சுவர், தென்னைகளை ஒவ்வொரு வரிசையாக விழுங்கிக்கொண்டு எங்களை நோக்கி நடந்து வந்தது. அதன் இரைச்சல் முதலில் வந்தது. பிறகு அது வந்தது.

ஒரு நிமிடத்தில் எல்லோரும் தொப்பலாக நனைந்திருந்தோம். எதிரில் இருப்பவர் முகம் தெரியவில்லை. அந்த இரைச்சலுக்குள் அதே பெரிய ஆளின் குரல் கேட்டது:

"எஞ்சினியரே! இன்னும் கொஞ்சம் ஏத்துய்யா அத!"

"இதுக்கு மேல ஏறாதுங்க மாமா!" என்று ஞானசேகரன் கத்தினார். இந்த முறை உறவை யாரும் மறுக்கவில்லை.

ஜீப்பின் தார்ப்பாய்க்குக் கீழே ஒதுங்கினோம். மழை தார்ப்பாயை அறைந்துகொண்டிருந்தது. பயந்தது எல்லாம் போய், ஞானசேகரன் ஒரு பள்ளிப் பையனைப் போல் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கவா. காலையில நம்ம பாத்தப்ப, இந்த பக்கம் வர்றதா அந்த பக்கம் போறதான்னு இதுக்கே தெரியாதா?"

ஸ்டெல்லா இருந்திருந்தால் அந்தக் கேள்வியைத் திருத்தியிருப்பார். காற்றுக்குத் தெரிவதென்றால் என்ன, தெரியாததென்றால் என்ன என்று அரை மணி நேரம் விளக்கியிருப்பார். எனக்கு அந்த மழையில் அதற்கு மனமில்லை.

"தெரிஞ்சிருக்காது" என்றேன்.

"அப்பறம் மூணு மணிக்குத்தான் தெரிஞ்சிதா?"

"ஏறக்குறைய."

அவர் கையைத் தார்ப்பாய்க்கு வெளியே நீட்டி மழையைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டிருந்தார்.

"அப்ப அதுக்குத் தெரிஞ்சப்பவே நமக்கும் தெரிஞ்சிடுச்சி மேடம்" என்றார்.